குளத்தங்கரைத் தெருவுக்கு ஏழரை மணிக்கு

வழி கிளியனூர்,
திண்டிவனம் வட்டம்.
10.2.2025

அன்பு மகள் சங்கவிக்கு அப்பா கோதண்டபாணி எழுதுவது. நானும் உன் அம்மா அம்சாவும் மாடும் சௌக்கியம். விழுப்புரத்து ஹாஸ்டல் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்சா கேட்கச் சொன்னாள்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நேற்றே எழுதி முடித்து உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் படுத்திருந்த மாடு எழுந்து நின்றுவிட்டது. விஷயம் என்னவென்றால், 'அனுப்புநர், பெறுநர்' எல்லாம் போட்டு, 'ஐயா' என்று உன்னை அழைத்து, 'பொருள்: தாங்கள் அனுப்பிய புத்தகம் சார்பாக' என்று ஆரம்பித்திருக்கிறேன். கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' என்று கையெழுத்து வேறு. பதினெட்டு வருஷமாக ஊர்த் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் எரிந்தது, பைப் உடைந்தது என்று மனு எழுதிய கை இது. பெற்ற பெண்ணுக்குக் கடிதம் எழுதி அதற்குப் பழக்கம் இல்லை.

நீ எழுதின புத்தகம் புரிகிறதா என்று போனிலேயே சொல்லிவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். "போன்ல சொன்னா என் குரலுக்கே தலையாட்டிடுவீங்கப்பா. புத்தகத்துக்குக் குரல் கிடையாது. படிச்சிட்டு, புரிஞ்சதையும் புரியாததையும் எழுதியே அனுப்புங்க" என்றாய். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட ஆள்தான் உங்கள் ஆபீசுக்கு வேண்டுமாம். அந்தத் தகுதியில் எனக்குக் குறை இல்லை.

புத்தகத்தின் பெயர் 'உங்கள் வீட்டை ஓட்டிப் பாருங்கள்'. இருபத்தாறு வருஷமாக அதைத்தானே செய்கிறோம் என்று தைரியமாகப் பிரித்தேன். ஒரு குடும்பத்தைப் பற்றி விவரம் கொடுத்தால், அவர்கள் அடுத்து என்ன முடிவெடுப்பார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லும் என்று போட்டிருக்கிறது. அதற்கு யார் போய்ச் சொன்னார்கள் என்பதுதான் விளங்கவில்லை. எதற்கும் கடைசிப் பக்கத்திலிருந்த படிவத்தைப் பூர்த்தி செய்து இத்துடன் இணைத்துள்ளேன். பார், மனு எழுதும் கை மறுபடியும் வந்துவிட்டது.

அப்பா


விழுப்புரம்
18.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கிறது என்று போர்டில் எழுதியிருப்பார்கள், சாம்பாரில் இருக்காது. மற்றபடி குறை இல்லை. அம்மாவின் கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் படிவத்தை ஏற்றி ஓட்டினோம். நம் வீட்டில் மாடு இல்லை, டி.வி. இல்லை, கேஸ் அடுப்பு இல்லை, உங்களுக்கும் அம்மாவுக்கும் வேலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது மாதம் சிவப்பு எழுத்தில் 'பட்டினி' என்று வந்து வீடு நின்றுவிட்டது. எங்கள் டீம் தலைவர் அஸ்வினி மேடம் எட்டிப் பார்த்து, "சங்கவி, நீ இங்க உக்காந்து இன்னா பண்ற, ஊருக்கு அரிசி அனுப்பு" என்றார்.

அப்பா, இது எந்த உதவித் திட்டத்துக்கும் போகிற படிவம் இல்லை. உண்மையை எழுதினால் ரேஷன் கார்டிலிருந்து யார் பெயரையும் அடிக்கமாட்டார்கள். வீட்டில் எத்தனை பேர், என்னென்ன வேலை, எது எத்தனை மணிக்குள் முடியணும் என்று கொடுத்தால், அந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் என்ன செய்வார்கள் என்று பல நூறு தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்லும். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருப்பது நம் வீடு. ஆனால் நம்மால் படிக்க முடியாது. பஸ் நேரத்தை மாற்றினால், தண்ணீர் நேரத்தை மாற்றினால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று ஊர்க்காரர்களே பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி எழுதுவதுதான் என் வேலை. உங்களுக்குப் புரிந்தால்தான் அது புத்தகம்.

தயவுசெய்து உள்ளதை உள்ளபடி மறுபடி எழுதுங்கள். தண்ணீர் வரும் நேரத்தையும் சேர்த்து.

உங்கள்
சங்கவி


வழி கிளியனூர்
2.3.2025

அன்பு மகளுக்கு ஆசிகள். அம்மாவுக்குக் கால் வலி தேவலை, வாய்க்கு வலியே இல்லை.

இரண்டாவது படிவம் அடுப்பில் போய்விட்டது. முதல் தடவை குறைத்து எழுதிய பாவத்துக்கு இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாக எழுதினேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வோமே, அந்த மாதிரி. அம்சா வாங்கிப் படித்தாள். "மூணு லிட்டர் கறக்கிற மாட்டுக்கு எட்டு லிட்டர்னு எழுதிக்கினு இருக்கியே, மீதி அஞ்சு லிட்டரை நீயா கறப்பே?" என்றாள். எனக்கு இரண்டு விதப் படிவம்தான் தெரியும், சங்கவி. ஒன்று இல்லை என்று எழுதுவது, இன்னொன்று இருக்கிறது என்று எழுதுவது. இருக்கிறபடி எழுதச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

மூன்றாவது படிவம் இத்துடன். உன் அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தண்ணீர் நேரம்: மேட்டுத் தெரு காலை ஆறு, பள்ளிக்கூடத் தெரு ஆறரை, கடைத்தெரு ஏழு, நம் குளத்தங்கரைத் தெரு ஏழரை. ஆபரேட்டர் வீடு இருக்கிற தெருவுக்கு முதலில் திறந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நம் தெரு கடைசிதான்.

இனி என் குழப்பம். ஒன்று, உன் அம்மா அடுத்து என்ன முடிவெடுப்பாள் என்று இருபத்தாறு வருஷம் கூட இருக்கிற எனக்கே தெரியாது, கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும். இரண்டு, நூறு தடவை ஓட்டினால் நூறு விடை வருமே, எதை நம்புவது. மூன்று, 'நிகழ்தகவு' என்று ஒரு வார்த்தை. அதைப் பார்த்ததும் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹாலில் வந்த வியர்வை அப்படியே வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனால் நேரில் காட்டுவேன். பொங்கலுக்கு வந்தவள் நீ.

அப்பா


விழுப்புரம்
19.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த கேப்பை அடையில் பாதியை அறைத்தோழி தின்றுவிட்டாள். உங்கள் இருமல் நின்றதா?

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் விரல் எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியில்தான் தப்பு இருக்கிறது. 'நிகழ்தகவு'வைத் தூக்கிவிட்டேன். இரண்டாம் பாடத்தை முழுக்க மாற்றி ஓர் ஆட்டமாக ஆக்கிவிட்டேன். இத்துடன் இருக்கிற கட்டம் போட்ட தாளைப் பாருங்கள். ஒரு வரிசை ஓர் ஆளுக்கு. தூக்கம் போக ஆளுக்குப் பதினாறு மல்லாட்டைப் பருப்பு, புத்தகத்தில் வேர்க்கடலை என்று போட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருப்பு ஒரு மணி நேரம். சமையல், மாடு, தண்ணீர், கூலி வேலை என்று கட்டங்களில் வைத்து அந்த நாளை ஓட்டுங்கள். பிறகு காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் நாள் ஒழுங்காகப் போகும். பூ விழுந்தால் கரண்ட் போகும், பஸ் வராது, பருப்பை மாற்றி வைக்க வேண்டியிருக்கும். இப்படி இருபது தடவை ஆடி எழுதி வைத்தால் எது அடிக்கடி நடக்கிறது என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் செய்வதும் இதேதான். அலுக்காமல் ஆயிரம் தடவை ஆடும், அவ்வளவு.

ஒரு சந்தோஷமான சேதி, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஜூன் மாதத்துக்குள் புத்தகம் முடிந்து, சோதனைக்கு எடுத்த வாசகர்கள் தங்கள் சொந்த வார்த்தையில் அதைச் சொல்லிவிட்டால், இதே வேலையைச் செய்ய என்னைப் புவனேஸ்வரத்துக்கு அனுப்புவார்கள். இரண்டு வருஷம். அங்கே நான்தான் பொறுப்பு. இருபத்து நாலு வயதில் யாருக்கும் இப்படிக் கொடுத்ததில்லையாம். எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்லை.

ஒரு சின்ன சந்தேகம். நம் தெருவுக்கு ஏழரைக்குத் தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோதே டிரம் நிறைந்திருந்ததே. எதைப் போடட்டும்?

உங்கள்
சங்கவி


வழி கிளியனூர்
12.4.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம்தான். வெயில் ஏறிவிட்டது, போர்வெல் மட்டம் இறங்கிவிட்டது. நடுவில் போன ஞாயிறு நீயே வந்துவிட்டுப் போனதால் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது என்பதை நீ பெரிதாக எடுத்திருக்கமாட்டாய்.

புவனேஸ்வரம் எந்தப் பக்கம் என்று டீக்கடை கோபியின் போனில் பார்த்தோம். ரயிலில் ஒரு பகல், ஒரு ராத்திரி என்றான். வங்காளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொள்ளலாமாம். சந்தோஷம்.

ஆட்டத்தை ஆடினோம். மூன்று வரிசையிலும் பருப்பு வைத்தேன். காசைச் சுண்டித் தேடி எடுத்துவிட்டு நிமிர்ந்தால் உன் அம்மாவின் வரிசையில் நாலு மணி நேரத்தைக் காணோம். அவளே தின்றுவிட்டாள். "எனக்குன்னு நாலு மணி நேரம் வேணாமா?" என்கிறாள். அவளை வைத்துக்கொண்டு எந்தக் கம்ப்யூட்டர் ஓடும்.

ஆனால் மூன்றாம் பாடம் எனக்கு ஏறவில்லை. 'ஒன்றை எடுத்துப் பாருங்கள்' என்று தலைப்பு. மாட்டை எடுத்தால் என்ன ஆகும் என்பது வரைக்கும் வந்தேன். அடுத்த வரியில் 'வீட்டிலிருந்து ஓர் ஆளை எடுத்துப் பாருங்கள்' என்று இருக்கிறது. அங்கே நின்றுவிட்டேன். ஆளை எடுப்பது என்றால் எப்படி எடுப்பது? பருப்பை மட்டுமா, வரிசையையே அழித்துவிடணுமா? எடுத்த பருப்பு யாரிடம் போகும்? நம் ரேஷன் கார்டில் மூன்று பேர், வீட்டில் இரண்டு பேர், நீ எந்தக் கணக்கு? யோசிக்க யோசிக்க முதல் பாடமும் மறந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்து மறுபடி சொன்னால் தேவலை. நாளைக்கு ஞாயிறுதான், ஆனால் இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது. நீயே வந்தாலும் வருவாய்.

தண்ணீரைக் கேட்டிருந்தாய். அன்றைக்குக் கரண்ட் சீக்கிரம் வந்துவிட்டது. மோட்டார் விஷயம், உனக்குப் புரியாது.

அப்பா


விழுப்புரம்
29.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வெயிலில் டேங்க் ஏணியில் ஏறும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவையும் மத்தியானத்தில் வெளியே விடாதீர்கள்.

ஏப்ரலில் நான்கு ஞாயிறும் வந்தேன். மூன்றாம் பாடத்தை நான்கு தடவை திருத்தி எழுதிவிட்டேன். இருபதாம் தேதி நீங்கள் மாட்டை எடுத்துவிட்டு அம்மாவின் நாள் எப்படி மாறும் என்று தெளிவாகச் சொன்னீர்கள். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், பஸ் ஏற்றிவிட வந்த இடத்தில், "ஆமா, இந்தப் பருப்பு எதுக்கு வைக்கிறோம்?" என்று கேட்டீர்கள். பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

என்னைப் போலப் பாடம் எழுதுகிற மற்ற இரண்டு பேரின் வாசகர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் பாக்கி. ஜூன் பத்துக்குள் என் வாசகரும் சொல்லவில்லை என்றால் என் பாடங்களை நிறுத்திவிட்டு வேறு ஆளிடம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு எனக்கு இங்கேயும் வேலை இருக்குமா என்று தெரியாது. உங்கள் மேல் குறை சொல்லவில்லை அப்பா. சொந்த அப்பாவுக்கே புரிகிற மாதிரி எழுதத் தெரியாதவள் ஊருக்கு எப்படி எழுதப்போகிறாள் என்றுதான் இருக்கிறது. எனக்கு இந்த வேலை வராதோ?

தண்ணீர் நேரத்தைத் திரும்பவும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வந்த ஒவ்வொரு ஞாயிறும் டிரம் நிறைந்திருந்தது. ஏழரை என்று போட்டால் அம்மா நூறு நாள் வேலைக்கு இருபது நாளில் எட்டு நாள் பிந்திப் போகிறார். எட்டு மணிக்கு வருகைப் பதிவு போட்டோ எடுத்துவிடுவதால் அந்த நாள் போய்விடுகிறது. ஆறு என்று போட்டால் ஒரே நாள்தான் பிந்துகிறார். அரை மணி, ஒரு மணி என்று விட்டுவிடுகிற விஷயமில்லை. எது சரி?

உங்கள்
சங்கவி


வழி கிளியனூர்
8.5.2025

அன்பு மகளுக்கு,

நலம். உனக்கு இந்த வேலை வராது என்று யார் சொன்னது? அப்படியெல்லாம் எழுதாதே. என் மண்டைதான் களிமண். வேண்டுமானால் டீக்கடை கோபியை வாசகனாக வைத்துக்கொள், ஒன்பதாவது படித்தவன், சூட்டிகை.

எட்டு நாள் பிந்துகிறாளா என்று உன் அம்மாவையே கேட்டேன். "பதினெட்டு வருஷமா கடைசித் தெருவுல குடமெடுத்துக்கினு நிக்கறேன், உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள். மறுபடி கேட்கத் தைரியம் இல்லை.

ஏழரை என்றே போடு. ஞாயிறு விஷயம் மோட்டார் கோளாறு.

மூன்றாம் பாடம் இன்னும் புரியவில்லை.

அப்பா


வழி கிளியனூர்
21.5.2025

பாப்பாவுக்கு அம்மா எழுதறது. நான் நல்லா இருக்கறேன். நீ வேளைக்குத் துன்னு. போன வாரம் வந்தப்போ தோள்பட்டை எலும்பு தெரிஞ்சிச்சி.

நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், ஒங்கப்பா மாதிரி அழகா எழுத வராது. ஆனா பொய் எழுத வராது.

திங்கக்கெழமை காலையில மேட்டுத் தெரு தென்னரசு, கூட அஞ்சாறு பொம்பளைங்க, காலிக் கொடத்தோட டேங்குக்கு வந்துட்டாங்க. நான் அப்பதான் ஒங்கப்பாவுக்குக் காப்பி எடுத்துக்கினு போனேன். தென்னரசு, "இன்னாங்க ஆபரேட்டரே, ஞாயித்துக்கெழமையானா எங்க தெருவுக்கு மட்டும் அரை மணி லேட்டாவுது?" ன்னான். ஒங்கப்பா, "வால்வு டைட்டாயிடுது"ன்னாரு. "அதெப்படி, வாரத்துல ஒரு நாளு பாத்து டைட்டாவுது?" ன்னான். பேஜாராப் போச்சி. ஒரு அம்மா கொடத்தைத் தூக்கி டங்குனு வெச்சிது.

ஒடனே ஒங்கப்பா மடியிலேர்ந்து மல்லாட்டையை எடுத்தாரு. எப்பவும் மடியில வெச்சிக்கினேதான் திரியறாரு, அது ஒனக்குத் தெரியாது. டேங்கு அடியில சிமிட்டித் தரையில கரித்துண்டால கட்டம் போட்டாரு. "இது ஒன் வீடு தென்னரசு. இது ஒன் சம்சாரம். பதினாறு பருப்பு. எண்ணிக்கோ"ன்னாரு. கோபி வந்து காசு சுண்டினான். மேட்டுத் தெரு வீடு ஒண்ணு, நம்ம தெரு வீடு ஒண்ணு. இருபது தரம் ஆடினாங்க. மொதல்ல தண்ணி வந்தா எந்தப் பொம்பளை வேலைக்குப் போறா, கடைசியில வந்தா எவ நிக்கறா, எல்லாம் அங்கியே தெரிஞ்சிப் போச்சி. ஒரு ஆளு ஊருக்குப் பூட்டா அந்த வேலை யாரு தலைமேல வுழும்னு கூட வரிசையை எடுத்து எடுத்துக் காட்டினாரு. அதான் ஒன் மூணாம் பாடம்.

தென்னரசே சொன்னான். "அப்போ கொளத்தங்கரைத் தெரு பொம்பளைங்கதான் இத்தினி வருஷமா நட்டமா? வாரம் ஒரு தெரு மொதல்லன்னு மாத்தி வுடுங்க." எல்லாரும் சரின்னுட்டாங்க. கொடத்தை டங்குனு வெச்ச அம்மா, "இதெல்லாம் ஆபரேட்டருக்கு யாரு சொல்லிக்குடுத்தது?" ன்னு கேட்டுது. அதுக்கு ஒங்கப்பா, "என் பொண்ணு எழுதின புஸ்தகம். கொழந்தைக்குக் கூடப் புரியும்"னாரு.

கொழந்தைக்குப் புரியுதாம், இவருக்குப் புரியலையாம். வூட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன்யா பொண்ணை அலைக்கழிக்கறேன்னு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் பூட்டாரு. மாடு அப்பதான் குடிச்சிட்டுப் படுத்துச்சி.

நீ போறதும் போவாததும் ஒன் இஷ்டம். ஒனக்கு எழுத வரலைன்னு மட்டும் நெனச்சிக்கினு இருக்காத. அதுக்குத்தான் எழுதினேன்.

அம்மா


விழுப்புரம்
26.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மா எழுதியிருந்தார். இரண்டு நாள் அழுதேன். பிறகு டேங்க் அடியில் நீங்கள் கரிக்கட்டையால் கட்டம் போடுவதை நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. எதை எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தாயிற்று.

நேற்று ஞாயிறு, வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரமாட்டேன். நீங்கள் ஊருக்குச் சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்கள். ஜூன் பத்துக்குள் கிடைத்தால் போதும்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் சரி.

சங்கவி


வழி கிளியனூர்
3.6.2025

அன்பு மகள் சங்கவிக்கும், மதிப்பிற்குரிய அஸ்வினி அம்மாவுக்கும், உங்கள் ஆபீசில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தடவை மனு மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

புத்தகம் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். எங்கள் ஊர் டேங்க்கில் பிடிக்கிற தண்ணீர் இவ்வளவுதான். தெரு நான்கு. எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒரு தெருவுக்கும் ஒழுங்காகப் போகாது. ஆகையால் எதை முன்னால் திறப்பது, எதைப் பின்னால் திறப்பது என்று ஒருவன் முடிவெடுக்கிறான். வீடும் அப்படித்தான். ஒரு நாள் என்பது டேங்க். மாடு, சமையல், கூலி, படிப்பு, சீக்காளி எல்லாம் தெருக்கள். யாரோ ஒருவர் தினமும் வால்வைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். பெரும்பாலும் அது பெண்பிள்ளையாக இருக்கும், திருப்புகிற சத்தம் கேட்காது.

ஒரு வால்வை முன்னால் திறந்தால் இன்னொரு இடத்தில் வேகம் குறையும். எங்கே குறைகிறது என்று ஆபரேட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் டேங்க் அடியில் நிற்கிறான். பதினெட்டு வருஷம் நம் தெருவைக் கடைசியில் வைத்ததை நான் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேர்மையை உன் அம்மாதான் நின்று சுமந்திருக்கிறாள். பருப்பு வைத்த பிறகுதான் தெரிந்தது. குழாயைத் தோண்டாமலே எங்கே வேகம் குறையும் என்று காட்டுவதுதான் உங்கள் கம்ப்யூட்டர். அது இப்படிச் செய் என்று சொல்லாது. இப்படிச் செய்தால் பெரும்பாலும் இப்படி ஆகும் என்று சொல்லும். அதற்குமேல் மனுஷன் பாடு. தவிர உன் அம்மா 'பெரும்பாலும்' என்பதற்குள் அடங்குகிறவள் இல்லை என்பதையும் புத்தகத்தில் ஒரு மூலையில் போட்டால் நல்லது.

மூன்றாம் பாடம். நம் வீட்டில் மூன்றாவது வரிசையை எடுத்துவிட்டு இருபது தடவை ஆடிப் பார்த்தேன். மாடு கறந்தது. தண்ணீர் வந்தது. உன் அம்மா வேலைக்குப் போனாள், நான் டேங்க்குக்குப் போனேன். ஒரு தடவைகூட வீடு நிற்கவில்லை. ஆகையால் மூன்றாவது ஆள் தாராளமாகப் புவனேஸ்வரம் போகலாம்.

நீ கேட்காத கேள்விக்கு, என் மண்டை கொஞ்சம் மந்தம் என்பதே பதிலாக இருக்கட்டும்.

அப்பா


விழுப்புரம்
23.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்கும் உங்களுக்கும் மாட்டுக்கும் என் அன்பு. நான் நலம், உண்மையிலேயே நலம்.

உங்கள் கடிதத்தை அஸ்வினி மேடம் எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தார். வால்வு சத்தம் கேட்காது என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். என் மூன்றாம் பாடத்தை எடுத்துவிட்டு உங்கள் டேங்க்கைப் போடுகிறோம். நான்கு தடவை திருத்தினதெல்லாம் போயிற்று. எனக்குக் கோபமே வரவில்லை.

ஜூலை ஐந்து, சனிக்கிழமை, விழுப்புரம் ஜங்ஷனில் ரயில். புதன்கிழமை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருப்பேன். இருவரும் ஏற்றிவிட வரணும்.

நம் வீட்டுப் படிவத்தை மூடுவதற்கு முன் ஒரே ஒரு கட்டம் மிச்சம். முறை வைப்பதற்கு முன்னால் இருந்தபடி, திங்கள் முதல் சனி வரை தண்ணீர் ஏழரை என்று போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விட்டிருக்கிறேன்.

உங்கள்
சங்கவி


வழி கிளியனூர்
13.7.2025

அன்பு மகள் சங்கவிக்கு அப்பா எழுதுவது. நீ போய்ச் சேர்ந்த சேதியும், அங்கே சோறும் பருப்பும் கிடைக்கிறது என்பதும் போனில் தெரிந்து அம்மாவுக்கு நிம்மதி. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்றாள். போனில் என்னால் எழுத முடியாது என்றேன். அவளே ஒரு நிமிஷம் குழம்பிப் போய்விட்டாள்.

ஜங்ஷனில் உன்னை ஏற்றிவிட்டு வெளியே வந்து, திண்டிவனம் பஸ் என்று நினைத்துத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுதான் தெரிந்தது. இறங்கி நடந்தோம். ஒரு கேலிகூடப் பண்ணாமல் உன் அம்மா நடந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முறை வைத்து விடுவதில் இந்த வாரம் நம் தெரு முதல். அம்சா இந்த வாரம் ஒரு நாளும் போட்டோவுக்குப் பிந்தவில்லை. ஏழு மணிக்கே குளித்துத் தலைவாரிக்கொண்டு நிற்கிறாள். மேட்டுத் தெருவுக்கு ஏழரை. தென்னரசு குடத்தோடு நின்று, "இன்னிக்கு வால்வு டைட்டு இல்லியே?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் பேச்சு கொஞ்சம் இடித்தது.

இன்றைக்கு ஞாயிறு. ஆறு மணிக்குத் திறந்தேன். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் டிரம் நிறைந்து விளிம்பில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. பஸ் வந்து நிற்கிற சத்தமும் கேட்டது. யாரும் இறங்கி வரவில்லை.

ரயில் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அந்த ஞாயித்துக்கிழமைக் கட்டத்துல இன்னா போடட்டும்?" என்று நாலாவது தடவையாகக் கேட்டாய். மோட்டார் என்று ஆரம்பித்தேன். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று கத்தினேன்.

ஆறு மணி என்று போடு. எல்லா ஞாயிறும் இல்லை, மார்ச்சிலிருந்து மே வரைக்கும் எட்டு ஞாயிறு மட்டும். பதினெட்டு வருஷத்தில் அந்த எட்டு நாள்தான் நம் தெரு வால்வை முதலில் திறந்தேன். இருட்டோடு கிளம்பிப் புழுதியில் வருகிறவள், வந்ததும் கைகால் கழுவத் தண்ணீர் இருக்கட்டும் என்று.

அப்பா